புரியாத குறி திரையில் வந்தால்: வெற்றுப் பெட்டி முதல் ௸ வரை

முதல் வேலை, கோப்பைச் சேமிக்காமல் இருப்பது. பழைய பத்திரம், பேரேடு, கோயில் கணக்கு, சங்க உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. என் கையில் மீளாமல் போன கோப்புகளில் பெரும்பாலானவற்றை வைரஸோ பழைய கணினியோ கெடுக்கவில்லை. புரியாத குறியைப் பார்த்துப் பதறி யாரோ ‘சேமி’ பொத்தானை அழுத்தியதுதான் கெடுத்தது. சேமிக்காமல் மூடிவிட்டு, ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

## எந்தக் குறியானாலும்: அதன் எண்ணைக் கேளுங்கள்

கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை நம்ப முடியாது, அது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். யூனிகோட் என்ற உலகப் பொது அட்டவணை ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுத்த எண் மாறாது. அந்த ஒரு குறியை மட்டும் நகலெடுத்து எக்செல் அல்லது லிபர் ஆபீஸ் விரிதாளின் ஒரு கலத்தில் ஒட்டுங்கள். பக்கத்துக் கலத்தில் ‘யூனிகோட்’ என்ற வாய்பாட்டை (எக்செல் 2013 முதல் இருக்கிறது) ஆங்கிலத்தில் எழுதி, முதல் கலத்தைச் சுட்டுங்கள். ஓர் எண் வரும். ‘த’ கொடுத்தால் 2980 வர வேண்டும்; வந்தால் நீங்கள் செய்வது சரி.

- 2944 முதல் 3071 வரை: தமிழ்ப் பகுதி. குறி நல்ல நிலையில் இருக்கிறது.
- 73664 முதல் 73727 வரை: தமிழ்ப் பிற்சேர்க்கை. பின்னக் குறிகள், அளவைக் குறிகள்.
- 57344 முதல் 63743 வரை: தனிப் பயன்பாட்டுப் பகுதி. இங்கே குறிக்குப் பொதுவான பொருள் கிடையாது. எழுத்துருவைச் செய்தவர் வைத்ததே பொருள்.
- 65533: அந்த இடத்தில் இருந்த எழுத்து போய்விட்டது.

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

## அறிகுறி: வெற்றுப் பெட்டி □

எழுத்துரு இல்லை. பத்துக்கு எட்டு முறை இதுதான், செலவும் இல்லை. அதே கோப்பை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து பாருங்கள். அங்கே குறி தெரிந்தால் கோப்பில் குறையில்லை. இந்தப் பெட்டிக்கு ‘டோஃபு’ என்று பட்டப்பெயர் உண்டு. டோஃபுவே வரக்கூடாது என்பதால்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது.

எழுத்துரு பழையது. எண் 73664க்கு மேல் வந்தால் சாதாரணத் தமிழ் எழுத்துரு போதாது. அந்த 51 குறிகளும் 2019ஆம் ஆண்டின் யூனிகோட் 12.0 பதிப்பில்தான் சேர்ந்தன. நோட்டோவில் தமிழ்ப் பிற்சேர்க்கைக்கெனத் தனி எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது, அதை நிறுவிக்கொள்ளுங்கள்.

தனிப் பயன்பாட்டு எண். 57344 முதல் 63743க்குள் வந்தால், 2010இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டேஸ்-16 குறியாக்கத்தில் (எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் முறை ஒன்றில்) தட்டியதா என்று அனுப்பியவரைக் கேளுங்கள். ஆம் என்றால் அதற்கான எழுத்துருவும் மாற்றியும் கிடைக்கும். இல்லை என்றால் யாரோ தம் வசதிக்கு அங்கே ஒரு குறியை வரைந்து வைத்திருக்கிறார். அவருடைய எழுத்துருக் கோப்பு இல்லாமல் அதை ஊகிக்காதீர்கள். அவரும் கிடைக்கவில்லை என்றால், அச்சிட்ட பழைய பிரதி ஒன்றைத் தேடுவது மென்பொருள் ஆளைத் தேடுவதைவிட மலிவு.

## அறிகுறி: கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி �, அல்லது ????

வைரம் மட்டும் தெரிந்து கோப்பைச் சேமிக்காமல் இருந்தால் நம்பிக்கை உண்டு. கோப்பைத் திறக்கும்போதே வேறு வேறு குறியாக்கங்களைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சேமித்த பிறகும் எண் 65533தான் என்றால் எழுத்து போனது போனதுதான்.

வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் யாரோ ‘ஆன்சி’ வகையில், அதாவது தமிழுக்கு இடமில்லாத பழைய விண்டோஸ் அட்டவணையில், சேமித்திருக்கிறார். அல்லது எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக) சேமித்திருக்கிறார். சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக ஒரு வகை சேமிக்கும் பட்டியலிலேயே இருக்கிறது; யூடிஎஃப்-8 என்பது யூனிகோட் எண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் முறை. அதைத்தான் எடுக்க வேண்டும். நோட்பேட் 2019 முதல் யூடிஎஃப்-8ஐ இயல்பாக வைத்துக்கொண்டது, அதனால் இந்தப் புகார் இப்போது குறைந்திருக்கிறது.

இங்கே மென்பொருள் எதுவும் உதவாது. பழைய மின்னஞ்சல் இணைப்பு, பென் டிரைவ், அனுப்பியவரின் கணினி என்று மூலப்பிரதியைத் தேடுங்கள். தரவுத்தளம் முழுக்க இப்படி ஆகியிருந்தால் நீங்களாகத் தொடாமல் தரவுத்தள நிர்வாகியைக் கூப்பிட்டு, காப்புப்பிரதி எந்தத் தேதி வரை இருக்கிறது என்று கேளுங்கள்.

## அறிகுறி: வட்டத்துக்குள் ஆர் (®), தலையில் கீற்று போட்ட ஆங்கில ஏ (à), நடுநடுவே ¤ † ‰ •

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும் இந்தக் கோளாறுதான் எளிதில் சரியாகும்.

யூடிஎஃப்-8இல் தமிழ்ப் பகுதியில் உள்ள ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மேற்கத்திய அட்டவணையை வைத்துக்கொண்டு படிக்கும் நிரல், அந்த மூன்றையும் மூன்று தனித்தனிக் குறிகளாகக் காட்டுகிறது. முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே, அதனால்தான் கீற்று போட்ட ஏ மறுபடி மறுபடி வருகிறது. மூன்றாவது பைட்டில்தான் எழுத்து ஒளிந்திருக்கிறது. ‘த’ இருந்த இடத்தில் ¤ வரும். ‘க’ • ஆகும், ‘ஆ’ † ஆகும், ‘உ’ ‰ ஆகும், ‘ண’ £ ஆகும், ‘ங’ ™ ஆகும். ஒரு ரசீதுப் பட்டியலில் £ பார்த்துவிட்டு, வெளிநாட்டுப் பணம் எப்படி வந்தது என்று ஒரு சங்கச் செயலாளர் என்னிடம் கவலைப்பட்டார். அது பணமில்லை, ணகரம்.

¤ என்பதையே பலர் முதன்முதலாக இந்தக் கோளாற்றில்தான் பார்க்கிறார்கள். உண்மையில் அது ‘ஏதோ ஒரு நாணயம்’ என்று பொருள்படும் குறி. 1970களில், சர்வதேச எழுத்து அட்டவணையில் டாலர் குறி இருந்த இடத்துக்கு எந்த நாட்டுக்கும் சாராத குறியாக அதை வைத்தார்கள். அதைக் கொண்டு யாரும் விலை எழுதி நான் பார்த்ததில்லை. 1999இல் வந்த ஐஎஸ்ஓ 8859-15 அட்டவணை அந்த இடத்தை யூரோவுக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே தமிழ்க் கோப்பில் ¤ வந்தால் நாணயத்தை மறந்துவிட்டுத் தகரத்தைத் தேடுங்கள்.

நோட்பேடில்: ‘திற’ பெட்டியின் அடியில் குறியாக்கம் என்ற பட்டியல் இருக்கும். யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்துத் திறங்கள்.

எக்செல்லில்: சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். தரவு என்ற தாவலில் ‘உரையிலிருந்து’ என்பதன் வழியாக எடுத்து, ‘கோப்பின் மூலம்’ (File Origin) என்ற இடத்தில் 65001 என்ற எண்ணைத் தேர்ந்தெடுங்கள். யூடிஎஃப்-8க்கு விண்டோஸ் வைத்த எண் அது.

சரிசெய்த பிறகும் அங்கங்கே � வருகிறதா? எங்கே வருகிறது என்று பாருங்கள். மெய்ப்புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகிய இடங்களில் மட்டும் என்றால் காரணம் தெரிந்துவிட்டது. விண்டோஸின் மேற்கத்திய அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. உகரக் குறியின் கடைசி பைட் 129, புள்ளி 141, ஏ 143, ஐ 144. குப்பையாகத் தெரிந்த உரையை யாரோ நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியிருக்கிறார். காலி இடத்தில் விழுந்தவை வழியில் உதிர்ந்துவிட்டன. புள்ளியில்லாமல் தமிழ் இல்லை, எனவே இந்த நிலையில் உரை முழுக்க ஓட்டையாக இருக்கும். ஒட்டிய பிரதியை விட்டுவிட்டு மூலக் கோப்பைக் கேளுங்கள். அது இல்லை என்றால் வாசித்துக் கையால் புள்ளி வைப்பதுதான் வழி. பக்கக் கணக்கில் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஆங்கில எழுத்தாக, ஆனால் எந்தச் சொல்லும் ஆகாமல்

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அவற்றில் ஒன்றான பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து தட்டல்கள். கோப்பில் அந்த ஐந்தும் அடுத்தடுத்து வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் பாமினி மாற்றியில் போடுங்கள். இல்லையென்றால் டாப், டாம், டிஸ்கி என்ற மற்றப் பழைய குறியாக்கங்களின் மாற்றிகளில் ஒவ்வொன்றாக ஒரே ஒரு வரியை மட்டும் போட்டுப் பாருங்கள், முழுக் கோப்பையும் போடாதீர்கள். மாற்றிய பின் எண்களையும் அடைப்புக்குறிகளையும் தனியாகச் சரிபாருங்கள், மாற்றிகள் அவற்றில்தான் அதிகம் சறுக்குகின்றன.

## அறிகுறி: புள்ளிகளால் ஆன வட்டம் ◌

உயிர்மெய்க் குறி ஒன்று மெய்யில்லாமல் அநாதையாக நிற்கிறது என்பதைக் கணினி இப்படிச் சொல்கிறது.

கொம்புக்கு முன்னால் தவறி விழுந்த இடைவெளியை முதலில் தேடுங்கள். அடுத்து, ர் இருக்க வேண்டிய இடத்தில் கால் போட்டுப் புள்ளி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரைகளில் இது கொள்ளைகொள்ளையாக வரும். சில எழுத்துருக்களில் ர் போலவே நின்று ஏமாற்றும், வேறு எழுத்துருவுக்கு மாற்றியதும் வட்டம் முளைக்கும். தேடி மாற்றும் பெட்டியில் ஒரே முறையில் தீர்த்துவிடலாம். மூன்றாவது, ஔகாரத்தின் பின்பாதி. 3031 என்ற எண்ணில் ளகரம் போலவே ஒரு குறி இருக்கிறது. தனியாக நிற்கத் தகுந்ததல்ல. எண் 3031 வந்தால் அங்கே ள இருக்க வேண்டுமா, முழு ஔகாரக் குறி இருக்க வேண்டுமா என்று சொல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## அறிகுறி: தொகைக்கு முன்னால் தனியாக ஒரு கீற்று `

2010 ஜூலையில் ₹ குறி அறிவிக்கப்பட்டதும் எல்லோருக்கும் அவசரம். யூனிகோடில் அது (எண் 8377) அந்த ஆண்டு அக்டோபரில் சேர்ந்தது. அதற்குள் வந்த சில எழுத்துருக்கள் விசைப்பலகையின் இடது மூலையில் உள்ள ` விசையில் ரூபாயை வரைந்து வைத்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கீற்று மட்டும் மிஞ்சும். இலக்கத்துக்கு முன் வரும் கீற்றை மட்டும் ₹ ஆக மாற்றுங்கள். 3065இல் இருக்கும் ௹ தமிழின் பழைய ரூபாய்க் குறி. அதையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள், பழைய ஆவணத்தில் அது அப்படியே இருக்க வேண்டும்.

## அறிகுறி: கண்ணுக்குத் தெரிகிற சொல் தேடலில் அகப்படவில்லை

எழுத்துகளை எண்ணும் ‘லென்’ வாய்பாட்டைப் போடுங்கள். ‘தமிழ்’ என்றால் 5 வர வேண்டும். கூடுதலாக வந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒட்டியிருக்கிறது: 8204, 8205, 65279 ஆகியவை வழக்கமான திருடர்கள். ‘கொடி’க்கு 4 வருவதற்குப் பதில் 5 வந்தால் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருக்கிறார்கள். ‘ஸ்ரீ’யில் சிக்கல் என்றால் முதல் எழுத்தின் எண்ணைப் பாருங்கள். 3000 என்றால் ஸகரம், 2998 என்றால் 2005இல் சேர்த்த இன்னொரு எழுத்து. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே ஸ்ரீயாகத்தான் தெரியும். வாக்காளர் பட்டியல் போன்ற பெரிய கோப்பு என்றால் ஒரு நிரலரை அரை நாள் அமர்த்துவது மேல்.

## அறிகுறி: குறி நன்றாகத் தெரிகிறது, பொருள்தான் தெரியவில்லை

கணினிக் கோளாறு எதுவும் இல்லை, ஆனால் என்னிடம் வருபவர்களில் அதிகம் தவிப்பவர்கள் இவர்கள்தான்.

முதலில் அது எழுத்தா, எண்ணா என்று பாருங்கள். தமிழ் எண்கள் எழுத்துகளின் சாயலிலேயே இருக்கின்றன. ௧ என்பது ககரம் போல, ௨ உகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போல. படத்திலிருந்து எழுத்தெடுக்கும் மென்பொருள்கள் இங்கே கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடும். தாளின் தலையில் நடுவில் இருப்பது பிள்ளையார் சுழி, எண் 2953 இருக்க வேண்டும். தொகைப் பத்தியில் இருப்பது இரண்டு, 3048. ௰, ௱, ௲ மூன்றும் பத்து, நூறு, ஆயிரம். ௲௯௱௪௰௭ என்று வந்தால் ஆயிரம், ஒன்பது நூறு, நான்கு பத்து, ஏழு: 1947. பழைய முறையில் பூஜ்யம் தேவைப்படவில்லை. யூனிகோடிலும் தமிழ்ப் பூஜ்யம் ௦ மற்ற எண்களோடு வராமல் 2005இல்தான் வந்தது.

அடுத்து, எட்டுக் குறிகள். 3059 முதல் 3066 வரை உள்ளவை 2003இல் வந்தவை: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். இவற்றில் ௵, ௷ இரண்டும் வகரத்தில் தொடங்கும் சொற்களுக்கானவை. மங்கிய தாளில் ஒன்றை மற்றொன்றாகப் படிப்பது எளிது. பக்கத்தில் ௴, ௳ இருந்தால் தேதி வரிசை, எனவே வருடம். தொகை இருந்தால் வரவு.

௸ தனிக் கதை. பத்திரங்களில் ‘ஷை’, ‘ஷையார்’ என்று படித்திருப்பீர்கள். மேற்படி என்ற குறியின் வடிவம் ஷகரத்தை ஒத்திருப்பதால் அப்படியே ஷை என்று எழுதிப் படித்து, அதுவே பத்திர மொழியில் சொல்லாகிவிட்டது. தட்டச்சு செய்யும்போது தாளில் ௸ இருந்தால் ௸, ஷை இருந்தால் ஷை. ‘சரியான தமிழில்’ மேற்படி என்று திருத்திக் கொடுக்காதீர்கள். சொத்து வழக்கில் நகலையும் மூலத்தையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார்கள்.

பிறகு, பின்னங்கள். முந்திரி 1/320, காணி 1/80, மாகாணி 1/16, மா 1/20. ‘கீழ்’ என்பதற்கும் தனிக் குறி உண்டு. அது வந்தால் பின்னால் இருப்பதை இன்னும் 320ஆல் வகுக்க வேண்டும். கீழ்முந்திரி என்பது 1/102400. மா என்பது நிலத்திலும் வரும், ஒரு வேலிக்கு 20 மா. ஆகவே ஒரே வரியில் மா என்பது அளவா, பின்னமா என்பதை முன்னால் வேலி, குழி என்று நில அளவை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தே சொல்ல முடியும். கூட்டிப் பாருங்கள். பக்கத்தின் அடியில் கணக்கெழுதியவர் போட்ட மொத்தத் தொகையோடு உங்கள் வாசிப்பு ஒத்துப்போனால் அதைவிடச் சான்று வேண்டாம்.

யூனிகோட் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஃ என்ற ஆய்தத்துக்கு யூனிகோட் வைத்த பெயர் விசர்க்கம், அது வடமொழிக் குறி ஒன்றின் பெயர். தவறென்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்களின் விதி. பெயரே இப்படி என்றால், பொருளே இல்லாமல் உள்ளே வந்த குறிகளும் உண்டு. 9084இல் இருக்கும் ⍼, செங்கோணத்தின் மேல் கீழ்நோக்கி வளைந்து இறங்கும் அம்பு. கணிதக் குறிகளோடு 2002இல் சேர்ந்தது. எதற்கு என்று கேட்டால் சேர்த்தவர்களிடமும் பதில் இல்லை, ஏனென்றால் அவர்களும் முந்தைய ஒரு பட்டியலிலிருந்து எடுத்தார்கள், அந்தப் பட்டியலும் இன்னொன்றிலிருந்து எடுத்தது. கடைசியில் பெர்த்தோல்ட் என்ற ஜெர்மன் அச்செழுத்து நிறுவனத்தின் பழைய குறிப் பட்டியலில் திசைக்கோணத்துக்கான குறியாக அது அகப்பட்டது.

ஜப்பானில் இன்னும் வேடிக்கை. 1978ஆம் ஆண்டுத் தர அட்டவணையில் எந்த அகராதியிலும் இல்லாத சில எழுத்துகள் இருந்தன, பேய் எழுத்துகள் என்று அழைக்கிறார்கள். 1990களில் உட்கார்ந்து துருவியபோது ஒன்றின் கதை வெளிப்பட்டது. ஊர்ப் பெயர் ஒன்றுக்காக, மலை என்ற எழுத்தையும் பெண் என்ற எழுத்தையும் வெட்டி மேலும் கீழுமாக ஒட்டியிருக்கிறார்கள். நகலெடுத்தபோது தாள் விளிம்பின் நிழல் நடுவில் ஒரு கோடாக விழுந்தது. அந்தக் கோட்டையும் எழுத்தின் பகுதியாகக் கருதி அட்டவணையில் ஏற்றிவிட்டார்கள். உலகமெங்கும் உள்ள கணினிகளில் இன்றும் அந்த நிழல் இருக்கிறது.

நம் தாள்களிலும் இது நடக்கும். ஒரு பேரேட்டில் ௷க்குக் கீழே சிறு வால் போட்ட குறி ஒன்று பன்னிரண்டு பக்கங்களுக்கு வந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லை. மூல நோட்டை வரவழைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: மறுபக்கத்து மை ஊறி இந்தப் பக்கம் தெரிந்திருக்கிறது. படம் எடுத்த கருவிக்கு இரண்டும் ஒன்றே.

எப்போது ஆளைத் தேட வேண்டும். மூல நோட்டைப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ஊரில் வயதான பத்திர எழுத்தரிடமோ, பழைய கணக்குப்பிள்ளைக் குடும்பத்திடமோ காட்டுங்கள். காசு கேட்க மாட்டார்கள், நேரம் கேட்பார்கள். நில எல்லை, பங்கு, கடன் எதுவும் அந்தக் குறியைச் சார்ந்திருந்தால் வழக்கறிஞரிடம் சொல்லாமல் எந்த வாசிப்பையும் தட்டச்சில் ஏற்றாதீர்கள். அரசு ஆவணம் என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அதே காலத்து மற்றத் தொகுதிகளோடு ஒப்பிட விண்ணப்பிக்கலாம்.

அதுவரை அந்த இடத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு, பக்க எண்ணும் வரி எண்ணும் எழுதி, குறியின் படத்தை மட்டும் வெட்டி அதே எண்ணில் தனிக் கோப்பாக வைத்துக் கொடுக்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. ‘வேலை முடியவில்லையா?’ என்பார்கள். ரசீதில் ‘3 குறிகள் நிலுவை’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.